பராஃபூஸோவில் சுற்று ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: ஒரு வருடமாகக் கப்போய்ரா (ஆட்டமும் இசையும் கலந்த பிரேசில் தற்காப்புக் கலை) கற்றுக்கொள்கிறேன். அர்மாடா, அதாவது பின்பக்கமாகச் சுழன்று வீசும் உதை, நன்றாக வருகிறது. அதே சுழற்சியில் குதித்து உதைக்கும் பராஃபூஸோவைப் போட்டால் மட்டும் பாதிச் சுற்றிலேயே தரைக்கு வந்துவிடுகிறேன். இறங்கும்போது இடது முழங்காலில் சுருக்கென்கிறது. இன்னும் உயரமாகக் குதிக்கப் பழக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு உயரம் குறையவில்லை, பொறுமைதான் குறைகிறது. முதுகு எதிராளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதித்துவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. சுழலும் வேகத்தைத் தரையை உந்தித்தான் பெற முடியும். கால் தரையை விட்ட பிறகு புதிதாக எதுவும் சேராது. கைகால்களை உடலோடு ஒடுக்கி, இருக்கும் சுழற்சியை விரைவாக்கலாம், அவ்வளவுதான்.

இடக்காலில் இறங்குவதால், வலப்பக்கம் சுழல்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். (குழுவுக்குக் குழு பெயரும் பாணியும் கொஞ்சம் மாறும்.) ஜிங்காவிலிருந்து (கால் மாற்றி அசைந்தாடும் அடிப்படை அசைவு) இடது பாதத்தை வலப்பக்கமாகக் குறுக்கே வையுங்கள். முதலில் தலை திரும்பட்டும். வலது தோளுக்கு மேலாக எதிராளியைக் கண்டுபிடித்த பிறகு தோள், இடுப்பு, கடைசியாக வலது கால். அர்மாடாவைப் போலவே அந்தக் கால் வீசி எழட்டும். மார்பு ஏறக்குறைய எதிராளியை நோக்கி வந்ததும் இடது காலால் உந்துங்கள். விரித்த கைகள் மார்புக்கு வர வேண்டிய நேரமும் அதுதான். உந்திய இடது காலே வெளியிலிருந்து உள்ளே வீசி உதைத்து, அதே காலில் இறங்க வேண்டும். வலது முழங்கால் அதுவரை மடங்கியே இருக்கட்டும். உயரத்துக்காகப் பின்னால் சாய்ந்தால் சுழலும் அச்சு சரிந்து, இறங்கும் இடம் கையை விட்டுப் போய்விடும்.

இரண்டு வாரம் உதைக்கவே உதைக்காதீர்கள். திரும்பி, வலது முழங்காலை இடுப்புக்கு மேல் தூக்கி, இடது காலில் எழும்பி, இடது காலிலேயே இறங்குங்கள். பத்து முறையில் எட்டு முறையாவது முழுச் சுற்றும் முடிந்து சத்தமில்லாமல் இறங்க முடிந்தால், இடுப்பு உயரத்துக்கு உதையைச் சேருங்கள். ஒரு பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு குதிப்பு போதும். பாதம் தொப்பென்று விழத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த காலோடு பழகினால் தவறுதான் பதியும்.

முழங்கால் வலியும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். சுற்று மிச்சமிருக்கும்போது பாதம் தட்டையாக ஊன்றிவிட்டால், உடல் தொடர்ந்து திரும்ப, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் ஏறும். முன்பாதத்தில் இறங்குங்கள், முழங்காலை மடக்கியே வையுங்கள், குதிகால் சுழன்று வர இடம் கொடுங்கள். தரையைக் கவ்வும் ரப்பர் அடிப்பாகமுள்ள காலணியை இந்தப் பயிற்சிக்குப் போடவே கூடாது. ஆனால் இப்போது வலி இருக்கிறது. அது முற்றிலும் போகும்வரை குதிக்காமல், திரும்புவதை மட்டும் மெதுவாகப் பழகுங்கள். வீக்கமோ, முழங்கால் பூட்டிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்த உதையை ரோடாவுக்குள், அதாவது எல்லோரும் சூழ்ந்து நிற்க இருவர் ஆடும் வட்டத்துக்குள், அவசரமாகக் கொண்டுபோகாதீர்கள். பெரிம்பாவ் என்ற வில் போன்ற இசைக்கருவி அங்கோலா என்ற தாளத்தை மெதுவாக இசைக்கும்போது, நெருங்கி ஆடும் அந்த ஆட்டத்தில் இது ஒட்டாது. சாவ் பென்டு கிராண்டி என்ற விரைவான தாளத்தின் வேகத்தில், எதிராளி எட்ட இருக்கும்போது போடலாம். ஒற்றைக் காலில் இறங்குவதால் ரஸ்தெய்ராவுக்கு (காலை வாரிவிடும் உத்தி) அந்தக் கால் நல்ல இலக்கு. வலது காலை உடனே பின்னால் வைத்து எஸ்கிவாவில் (உதைக்கு விலகும் அசைவு) தாழ்ந்துவிடுங்கள்.