அரசுப் பள்ளிகளுக்காக உள்ளூர்ச் சொத்து வரியை உயர்த்தலாமா?

கேள்வி அமெரிக்க அரசுப் பள்ளிகளைப் பற்றியது. டெக்சாஸில் சொந்த வீட்டில் குடியிருந்து, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31ஆம் தேதிக்குள் இந்த வரியைக் கட்டுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பள்ளிகளுக்கு இன்னும் பணம் வேண்டும். அதற்காகக் கூடுதலாகக் கட்டவும் நான் தயார். ஆனால் அந்தந்த ஊர் தன் வரியைத் தானே உயர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

காரணம் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரிலேயே இருக்கிறது. 1960களின் இறுதியில், ஏழை மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தி அதற்கான வரியையும் வசூலிக்கும் உள்ளூர் அமைப்பு) 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி வசூலித்தார்கள். அந்த வட்டாரத்திலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். மாநிலத்தின் அடிப்படைப் பள்ளி நிதித் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, ஒரு மாணவருக்கு அதிலிருந்து மிஞ்சியது 26 டாலர். அதே நகர்ப்பகுதியில் வசதியானவர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸில் விகிதம் 0.85 டாலர்தான், ஆனால் அங்கே சொத்து மதிப்பு அதிகம் என்பதால் மாணவருக்கு மிஞ்சியதோ 333 டாலர். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கை 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கே குறைவாகக் கிடைத்தது என்பதை எப்போது படித்தாலும் மனம் பொறுப்பதில்லை.

பின்னர் 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இந்தப் பள்ளி நிதி முறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 1993இல், சொத்து வளம் மிக்க மாவட்டங்கள் தம் மிகுதி வருவாயைப் பகிர வேண்டும் என்ற சட்டம் வந்தது. பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்த கதைநாயகன் பெயரால் ‘ராபின் ஹூட்’ என்று பலர் குறைகூறும் அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன்.

என் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. வீடுகளின் மதிப்பு ஏறி உள்ளூர் வசூல் கூடும்போது மாநில அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. மாணவர் ஒருவருக்கென மாநிலம் நிர்ணயிக்கும் அடிப்படை ஒதுக்கீடு 2019இலிருந்து 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது. அந்த ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்பது கடைக்குப் போகிற அனைவருக்கும் தெரியும். என் வரிச் சீட்டில் கவுன்டி நிர்வாகம் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் போன்றது), நகராட்சி, மருத்துவமனை எனப் பல வரிகள் இருந்தாலும் பெரிய தொகை எப்போதும் பள்ளிக்குரியதுதான். அப்படியிருந்தும் என் மகளின் நான்காம் வகுப்பு ஆசிரியை, செப்டம்பர் முடிவதற்குள் தீர்ந்துபோன காகிதக் கட்டுகளைத் தம் சொந்தக் காசில் வாங்கி அலமாரியில் அடுக்கியதை நான் நேரில் பார்த்தேன்.

ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயமே. இங்கே 65 வயதைக் கடந்தவர்கள் தாம் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் பள்ளி வரிக்கு உச்சவரம்பு உண்டு; அந்தப் பாதுகாப்பு தொடர வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, உயர்வு வாடகையோடு சேர்ந்து அவர்கள் தலையில்தான் விழும்.

எங்கள் பள்ளி மாவட்டம் விகிதத்தை உயர்த்த வாக்கெடுப்பு நடத்தினால் ‘ஆம்’ என்றே வாக்களிப்பேன். அதோடு, உள்ளூர் வசூல் கூடுகிற அளவுக்கு மாநிலத்தின் பங்கு குறையாதபடி அடிப்படை ஒதுக்கீட்டை விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்று எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுவேன்.