டீசல் ஃபோர்க்லிஃப்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் பிக்கப் வராதது ஏன்?

பெடலை மிதித்ததும் இன்ஜின் வேகம் சட்டென்று ஏறுவதைத்தான் பிக்கப் என்கிறோம். அது வராவிட்டால், பெரும்பாலும் டீசலோ காற்றோ உள்ளே போதுமான அளவு போகவில்லை. இளநீர் ஸ்ட்ராவில் வழுக்கை அடைத்துக்கொண்ட கதைதான். எவ்வளவு உறிஞ்சினாலும் கொஞ்சம்தான் வரும்.

கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். சிமென்ட் குடோனில் ஓடும் வண்டி என்றால் அது சீக்கிரமே அடைத்துவிடும். புகை அதிகமில்லாமல் திணறினால் டீசல் ஃபில்டர் அடைப்பு, அல்லது டீசல் வரும் லைனில் காற்று புகுந்திருக்கும். அப்புறம், இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் உள்ள லீவர் கடைசிவரை போகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். பெடலையும் லீவரையும் இணைக்கும் கேபிள் தொய்ந்திருந்தால் போகாது. செலவில்லாத சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை!

இன்ஜின் சத்தம் நன்றாக ஏறியும் வண்டி நகரத் தயங்கினால், பலர் நினைப்பதுபோல அது இன்ஜின் கோளாறு அல்ல; இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷன் பக்கம் பாருங்கள்.