மெயில் உங்களுடையதுதானா?

கேள்வி: தேயிலை ஃபேக்டரி ஆபீசில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். பேங்க், இன்சூரன்ஸ், மகளின் காலேஜ் என்று எல்லாவற்றுக்கும் ஃபேக்டரி மெயிலைத்தான் கொடுத்திருக்கிறேன். அது தொடர்ந்து இருக்குமா?
*- வாசகர், கோத்தகிரி*

பதில்: இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த மெயிலில் உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் அது எஸ்டேட் லைன் வீடு மாதிரி, வேலை இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றவும், நீங்கள் போன அன்று மாலையே கணக்கை மூடவும் நிர்வாகத்தால் முடியும். அதில் தவறும் இல்லை, கணக்கு அவர்களுடையது.

இன்டர்நெட் இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மெயிலும் இப்படித்தான். நான் பல வருடம் அப்படி ஒன்றை வைத்திருந்து, இணைப்பை நிறுத்தியதும் உள்ளே இருந்த கடிதம் அத்தனையும் போய், ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

ஜிமெயில், அவுட்லுக், யாஹூ, நம் ஊர் ஜோஹோ போன்றவற்றில் நீங்களே தொடங்கும் கணக்குதான் வேலை மாறினாலும் வீடு மாறினாலும் கூடவே வரும். அதற்கும் நிபந்தனை உண்டு. ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி, கூகுள் போட்டோவும் கூகுள் டிரைவும் அதே இடத்தைத்தான் தின்னும், நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. 2 வருடம் கணக்கைத் தொடவே இல்லை என்றால் கூகுள் அதை அழித்துவிடலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே சொந்தமாக ஒன்று தொடங்கி, பேங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக மாற்றுங்கள். முகவரியை மாற்றும்போது பல இடங்களில் பழைய மெயிலுக்குத்தான் ஓடிபி வரும், அதனால் அது உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்புறம் உங்கள் சொந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபேக்டரி கணக்கு வழக்கை அனுப்பிவைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் தம்பிதான் எனக்கு மெயில் ஆரம்பித்துக் கொடுத்தது. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். மழைக்காலத்தில் டவர் போய்விட்டால் ஓடிபி வராமல் அந்த சென்டரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு வழி உண்டா?
*- வாசகி, கூடலூர்*

பதில்: அம்மா, டவரை விட எனக்குக் கவலை அந்தச் சீட்டுதான். தம்பி நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் கணக்கு தொடங்கியபோது மீட்பு எண் என்ற இடத்தில் அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டிருந்தால், அந்த நம்பரை வைத்து உங்கள் பாஸ்வேர்டை மாற்ற வழி இருக்கிறது. அதை முதலில் பாருங்கள். உங்கள் நம்பரைப் போட்டு, வேறு எங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டாக மாற்றுங்கள். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலும் அமைப்புகளில் இருக்கும், தெரியாததை வெளியேற்றிவிடுங்கள். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதே இல்லை: மெயில் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி ஃபார்வர்டிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் கடிதம் இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

டவர் பிரச்சினைக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குள் இருக்கும் ரகசிய எண்ணையும் அந்த நேரத்தையும் சேர்த்து 30 விநாடிக்கு ஒரு புது 6 இலக்க எண்ணை அதுவே கணக்கிட்டுக் காட்டும், டவரே வேண்டாம். ஜிமெயிலில் ஒரு தடவைக்கு ஒன்றாக 10 பேக்கப் எண்களும் எடுத்துக்கொள்ளலாம். தாளில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தாலும் அது கைகொடுக்கும். சென்டரில் மெயில் பார்த்தால் லாக் அவுட் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். சிம்மையும் சும்மா போட்டுவைக்க வேண்டாம். ரொம்ப நாள் பயன்படுத்தாத நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும், அவருக்கு உங்கள் ஓடிபி வரும்.

கேள்வி: ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெளியூர் வண்டிகள் மலைக்கு வர எடுக்கும் இ-பாஸுக்குப் பணம் கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கிறது என்று விருந்தினர் ஒருவர் அனுப்பிக் காட்டினார். நிஜமா?
*- வாசகி, குன்னூர்*

பதில்: பொய். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வந்த இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அனுப்பியவர் பெயர் எவ்வளவு அரசாங்கத்தனமாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள், பெயரை யாரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம். அதைத் தொட்டால் தெரியும் முகவரியில் @ குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் புக்கிங் பதிலிலேயே "இ-பாஸ் இலவசம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. அவர் ஏற்கெனவே கட்டியிருந்தால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அந்த மெயிலை மட்டும் அழிக்க வேண்டாம், புகாருக்குத் தேவைப்படும்.