கேசட்டுக்குள் ஒரு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 43. ஆறு மாதமாக மாலை நேரங்களைப் பழைய வீடியோ கேம்களோடு கழிக்கிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டில், பழைய கன்சோல்களைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் நிரல்களை ஏற்றி, மெமரி கார்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் தேடிப் பொருத்த மட்டும் மூன்று வாரம் ஆனது. ஆனால் எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆட முடியவில்லை. சிறுவயதில் ஒரே கேசட்டை விடுமுறை முழுக்க ஆடியவன் நான். அந்தப் பழைய கன்சோலையும் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். கேசட்டை ஊதிப் போட்டால் சில நேரம் ஓடுகிறது. எனக்கு ரசனை வற்றிவிட்டதா? வயதாகிவிட்டதா? எமுலேட்டரை விட்டுவிட்டு அசல் இயந்திரத்துக்கே போய்விடலாமா? குழந்தைத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது வேறு.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

போன மாதம் முழுக்க என் மேசையில் ஒரு கேசட் திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில், ஊதுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஆனால் ஓடவைத்தது அந்த ஊதல் இல்லை, வெளியே எடுத்து மறுபடி செருகியது. ஊதும்போது வாயின் ஈரம் செப்புத் தடங்களில் படிகிறது, நாளடைவில் அரித்துவிடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். குச்சி கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். ஆறு மாதமாக இதில் இருக்கிறேன் என்று எழுதுகிற ஒருவர் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தைத்தனம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். எமுலேட்டரா அசலா என்பதும் எனக்குப் பெரிய கேள்வி இல்லை. நல்ல எமுலேட்டரில் நன்றாகவே ஆடலாம். 43 வயதில் ரசனை வற்றாது. உங்களைத் தடுப்பது அந்த எட்டாயிரம். மூன்று வாரம் அட்டைப்படம் பொருத்தினீர்களே, அந்த மூன்று வாரத்தில் ஒரு விளையாட்டையாவது திறந்து, இது ஏன் இப்படி ஓடுகிறது என்று பார்த்தீர்களா? கோபமாகத்தான் கேட்கிறேன். நீங்கள் செய்தது அடுக்குவேலை. கைவேலை என்று அதை எண்ணிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கார்டில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நிச்சயம் இருக்கும், மேலிருந்து இறங்கும் எதிரிகளைச் சுடும் ஆட்டம். 1978இல் வந்தது. டொமொஹிரோ நிஷிகாடோ என்ற ஜப்பானியர் அதை வடிவமைத்து, நிரலெழுதி, அது ஓடும் இயந்திரத்தையும் உருவாக்கினார். ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55 எதிரிகள். மெதுவாக ஆடி அசைந்து இறங்குவார்கள். சுடச்சுட வேகம் கூடும். கடைசியில் மிஞ்சும் ஒருவன் வெறிபிடித்தவன்போல ஓடுவான். பின்னணியில் நான்கே சுரங்கள், அவையும் கூடவே விரையும். கேட்பவர் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதை நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள். உள்ளே இருப்பது இன்டெல் 8080 என்ற செயலி. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த நிரல் ஒரே ஒரு எதிரியை மட்டும்தான் நகர்த்தி வரைகிறது. ஆக, 55 பேரும் ஆளுக்கு ஓர் அடி எடுத்துவைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி பிடிக்கிறது. பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் அரை நொடி போதும். பத்துப் பேர் மிஞ்சினால் நொடிக்கு ஆறு அடி. ஒருவன் மட்டும் மிஞ்சினால் திரை புதுப்பிக்கும்போதெல்லாம் அவன் முறைதான். நிஷிகாடோ இதைக் கவனித்தார், திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். இயந்திரத்தால் முடியாத ஒன்று ஆட்டத்தின் பதற்றமாக ஆகிவிட்டது. எல்லோரையும் ஒரே நொடிப்பொழுதில் வரைந்துவிடும் செயலியில் இதே விளையாட்டை எழுத நேர்ந்தால், இந்தப் பதற்றத்தைத் தனியாகக் கணக்குப் போட்டு உள்ளே வைக்கவேண்டும்.

இதை அறிந்தபின் ஒருமுறை ஆடிப்பாருங்கள். சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு எதிரியை அழிப்பதோடு, எஞ்சியவர்களுக்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள். யாரை முதலில் சுடுவது என்ற யோசனையே மாறிவிடும். ஐந்து நிமிடத்தில் அலுத்த அதே ஆட்டம்தான், ஒரு வாரம் விடாது.

எங்கே தொட்டாலும் இப்படித்தான். 1977இல் வந்த அட்டாரி 2600 என்ற கன்சோலில் தற்காலிக நினைவகம் மொத்தம் 128 பைட். முதல் குறளை இன்றைய கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் தட்டிச் சேமித்தால் 123 பைட் வருகிறது. நானே எண்ணிப் பார்த்தேன். ஒரு குறளுக்கும் ஐந்து பைட் மிச்சத்துக்கும் இடமுள்ள நினைவகத்தில் ஓர் ஆட்டத்தின் அத்தனை நிலைமைகளையும் வைத்திருந்தார்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு. அந்த விளையாட்டு முழுவதுமே 40 கிலோபைட்தான். சிறுவயதில் நாம் தினமும் பார்த்த மேகம் அது. யாராவது சொல்லும்வரை நமக்குத் தெரியவில்லையே.

என் மேசையில் கிடந்த கேசட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது ஒரு சாகச விளையாட்டு. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று பேர் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளலாம். முதல் இடம் அண்ணனுடையது, இரண்டாவது என்னுடையது. அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தகைய கேசட்டுகளில் சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் 8 கிலோபைட் நினைவகச் சில்லுக்கு அது துளித்துளியாக உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்தால் பெயரும் போய்விடும், ஆட்டமும் போய்விடும்.

சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடிக்காத தலைகொண்ட திருகுகள் அவை. அதற்கான முனையை வாங்கித் திறந்தேன். புதிதாக மூன்று வோல்ட் இருக்கவேண்டிய பேட்டரியில் மீட்டர் 2.4 காட்டியது. இரண்டுக்குக் கீழே இறங்கினால் அந்தச் சில்லை நம்ப முடியாது. பேட்டரியைக் கழற்றும் நேரத்தில் மின்சாரம் அறுந்துவிடக்கூடாது என்பதால், போர்டின் பின்பக்கம் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து வெளியிலிருந்து மூன்று வோல்ட் கொடுத்தேன். பிறகு பழைய பேட்டரியின் தகடுகளைச் சூடாக்கினேன். முப்பது வருடத்து ஈயம் எளிதில் இளகவில்லை. சால்டரிங் அயர்ன் கொஞ்சம் வழுக்கிப் பக்கத்துத் தடத்தைத் தொட்டாலும் எல்லாம் அழிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். புதியதைப் பற்றவைத்து, கம்பிகளை எடுத்து, கேசட்டை மூடிய பிறகும் கன்சோலில் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. மறுநாள் காலையில்தான் போட்டேன்.

பெயர் இருந்தது. உள்ளே போனேன். ஒரு பாலத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறான். பையில் பதினான்கு வெடிகுண்டு, மருந்து ஒன்றுகூட இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான் போவான். நான் மருந்தாகச் சேர்த்துவைத்துக்கொண்டு எங்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருப்பேன், அவன் திட்டுவான். என் சேமிப்பைத் திறந்தேன். மருந்து நிறைய இருந்தது. அவன் பாலத்துக்கு இரண்டு ஊர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் என்னைப்போல் ஆபத்தில் இறங்கவேண்டாம். கேசட்டைக் கணினியோடு இணைத்துச் சேமிப்பை நகலெடுக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. முதலில் நகல், அப்புறம் பேட்டரி. பரணிலிருந்து இறக்கிய அந்தக் கேசட்டில் சேமிக்கும் வசதி இருந்தால் இந்த வாரமே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள்.

என் ஆட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன். நேற்று இரவு ஓர் ஊரைத் தாண்டினேன். பாலத்துக்கு இன்னும் ஒன்று இருக்கிறது.