Re: கிராக்கன் சார்ட்: ஆக்டோபஸா, கணவாயா?

வணக்கம். உங்கள் மகள் பள்ளிச் சார்ட்டில் கிராக்கனை (நார்வே கதைகளில் வரும் ராட்சதக் கடல் பிராணி) ஆக்டோபஸாக வரைந்து, பக்கத்தில் 60 அடி என்று எழுதியதை ஆசிரியர் தவறு என்றாராம். ஆசிரியர் சொன்னதுதான் சரி. ஆனால் சார்ட்டைக் கிழிக்க வேண்டாம்.

கதைக்குப் பின்னால் இருக்கும் பிராணி பெரும்பாலும் ராட்சதக் கணவாய்தான். எட்டுக் கைகளோடு, இரை பிடிக்க மிக நீளமான இரண்டு கைகள் கூடுதலாக உண்டு. அவற்றை வரைந்து, உடலைக் கூம்பாக நீட்டி, நுனியில் துடுப்பு வைத்தால் கணவாயாகிவிடும். கண்ணைப் பெரிதாகவே போடச் சொல்லுங்கள். நிஜத்திலேயே அது சாப்பாட்டுத் தட்டு அளவு.

60 அடி என்பது பழைய கணக்கு. கரையொதுங்கிய உடலில் அந்த நீளக் கைகள் ரப்பர் மாதிரி இழுபடும். அப்படியே அளந்தால் எண் ஏறத்தானே செய்யும்? 40 அடி சொச்சம் என்று எழுதுங்கள்.

சார்ட்டை விளக்கிப் பேச நார்வே கதை போதும். 1750களில் பெர்கன் நகர பிஷப் பொன்டோப்பிடான், கிராக்கனின் முதுகுச் சுற்றளவே ஒன்றரை மைல், பார்க்கத் தீவுக்கூட்டம் போலிருக்கும் என்று எழுதினார். யாருக்காவது மீன் அள்ளிக்கொண்டு வந்தால், 'கிராக்கன் மேல வலை போட்டியா?' என்பார்களாம் மீனவர்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

1857-இல் டென்மார்க் விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், கரையொதுங்கிய ராட்சதக் கணவாய் ஒன்றின் அலகை ஆராய்ந்து அறிவியல் பெயர் வைத்தார். ஆழ்கடலில் உயிரோடு முதன்முதலாகப் படம் பிடித்தது 2004-இல், ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, ஆய்வாளர்கள் குபோதேராவும் மோரியும்.