மணிலாவில் மூன்று நாள் கிடைத்தால் ஊர் வாழ்க்கையை எப்படி அனுபவிப்பது?

முதலில் ஒன்று: மூன்று நாளில் மணிலா முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். வேலை நிமித்தம் அங்கே இருந்தபோது, பார்க்க வந்த நண்பர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வேன். மாலையில் நகரின் முக்கிய நெடுஞ்சாலையான எட்சாவின் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமையும் சம்பள நாளும் (15 அல்லது 30) சேர்ந்து வந்தால் தங்கியிருக்கும் இடத்தை விட்டுத் தூரமாகப் போகவே வேண்டாம்.

ஒரு நாளை இந்த்ராமுரோஸுக்கு ஒதுக்குங்கள். ஸ்பானியர் கட்டிய மதில் நகரம் அது. 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் தேவாலயம் 1945 போரின் அழிவையும் தாண்டி நிற்கிறது. அங்குள்ள சந்தியாகோ கோட்டையில்தான் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரான ஹோசே ரிசாலை ஸ்பானியர்கள் சிறைவைத்திருந்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று அவரைச் சுட்டுக்கொல்லக் கூட்டிப்போன வழியில் காலடித் தடங்களை உலோகத்தில் பதித்திருக்கிறார்கள். அவசரப்படாமல் அந்தத் தடங்களோடு நடந்து பாருங்கள். பக்கத்திலேயே ரிசால் பூங்கா, தேசிய அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. சாயங்காலம் அப்படியே கடற்கரைப் பக்கம் போனால் மணிலா விரிகுடாவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

ஜீப் மாதிரி இருக்கும் ஊர்ப் பொதுவண்டியான ஜீப்னியில் ஒருமுறையாவது ஏறுங்கள், சின்ன தூரமாக இருந்தாலும் சரி. நடத்துனர் பெரும்பாலும் இருக்கமாட்டார். "பாயாத் போ" (கட்டணம் இந்தாங்க) என்று சொல்லிக் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால், கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். இறங்க "பாரா போ" என்றால் போதும். பெரிய நோட்டை மட்டும் நீட்டாதீர்கள். இரவிலும் பெட்டியோடு போகும்போதும் செயலியில் அழைக்கும் கிராப் வண்டிதான் நல்லது.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். பினாக்பெட் பார்க்கக் காய்கறிக் கூட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதில் இறால் விழுது சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். காலையில் தெருவில் "தஹோ..." என்று குரல் கேட்டால் உடனே கீழே இறங்கிவிடுங்கள். விற்பவரின் தோளில் காவடி மாதிரி இரண்டு வாளி தொங்கும். ஒன்றிலிருந்து சூடான, தளதளவென்ற சோயாத் தயிரை மெல்லிசாக வழித்துக் குவளையில் போட்டு, வெல்லப்பாகும் ஜவ்வரிசியும் ஊற்றித் தருவார். எனக்கு மணிலாவில் மிகப் பிடித்த காலை உணவு அதுதான். மதிய வெயிலுக்குச் சீவிய ஐஸில் பாலும் இனிப்புகளும் கலந்த ஹாலோ ஹாலோ. அசைவக்காரர்கள் 1594இல் உருவான சீனர் பேட்டையான பினோந்தோவில் நடந்து நடந்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம்.

அப்புறம், யாராவது வீடியோகே (திரையில் வரும் வரிகளைப் பார்த்துப் பாடும் கரோக்கே) பாட மைக்கை நீட்டினால் மறுக்காதீர்கள். குரல் எப்படி இருந்தாலும் கைதட்டுவார்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் போனால் வெயிலும் குறைவு, நடக்கவும் சுகம்.