லீவு விட்டதும் குடும்ப ஜெபமும் லீவா?

சென்னையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "அக்கா, பள்ளி நாட்களில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் தவறாது. லீவு விட்டதும் எல்லாம் போச்சு. பிள்ளைகள் பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறார்கள், நடுராத்திரி வரை போன். பையனுக்கு 14 வயது, பெண்ணுக்கு 8. வி.பி.எஸ்.க்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) அனுப்பினேன், பெண் ஆசையாகப் போனாள், பையன் 'சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்' என்று மூன்றாம் நாளே நின்றுவிட்டான். மே முழுக்கத் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் என் அம்மா வீட்டில் இருப்போம், என் வீட்டுக்காரர் மட்டும் வேலைக்காக இங்கேயே. கட்டாயப்படுத்தினால் ஜெபத்தையே வெறுத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் விசுவாசம் எதுவும் காணாமல் போகவில்லை, கடிகாரம்தான் போயிருக்கிறது. வீட்டுப்பாடம் முடிந்து, எட்டு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு ஜெபம், ஒன்பதுக்குத் தூக்கம் என்று இருந்ததெல்லாம் பள்ளிக்கூடம் போட்டுக் கொடுத்த நேரம். பள்ளி நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. 22 வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு இருக்கிறேன், ஒவ்வொரு மே மாதமும் கேட்கிற கதைதான் இது.

அதனால் லீவில் மணியைப் பிடிக்காதீர்கள், தட்டைப் பிடியுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாலும் ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள் இல்லையா, சாப்பிட்டு முடித்து யாரும் எழுந்திருக்கும் முன்னால் அங்கேயே ஜெபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கோ பத்துக்கோ, ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி, ஒரு சின்ன ஜெபம், மொத்தம் பத்து நிமிஷம். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான், மறுநாள் இரண்டு அதிகாரம் வாசித்து ஈடுகட்ட வேண்டாம்.

ஜெபத்தில் ஒரு காரியம் கவனியுங்கள். நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பையன் போனையே கட்டிக்கொண்டு அழுகிறான், இவனுக்கு நல்ல புத்தி தாரும்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது ஆண்டவருக்கு ஏறெடுத்த ஜெபம் இல்லை, பையனுக்கு விழுந்த திட்டு என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்! திட்ட வேண்டுமானால் கண்ணைத் திறந்துகொண்டு தனியாகத் திட்டுங்கள்.

சரி, எதை வாசிப்பது? ஆதியாகமத்தில் தொடங்கி எட்டாம் நாள் வம்ச வரலாற்றில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் லீவு ஈஸ்டருக்குப் பின்னால்தான் வருகிறது. ஈஸ்டர் தொடங்கி எண்ணினால் 40ஆம் நாள் வியாழக்கிழமை ஆண்டவர் பரமேறின திருநாள், 50ஆம் நாள் பரிசுத்த ஆவியானவர் இறங்கின பெந்தெகொஸ்தே. பரமேறின நாள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் விழும். அந்த நாட்களில் நடந்ததையே அந்த நாட்களில் வாசியுங்கள்: லூக்கா 24, யோவான் 20, 21, அப்போஸ்தலர் 1, 2. மொத்தம் ஐந்தே அதிகாரம், பாதி பாதியாக வாசித்தால் பத்து ராத்திரி. எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு பேர் இருக்கிறார்கள், நம்பாத தோமா இருக்கிறார், கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துச் சாப்பிடக் கூப்பிட்ட ஆண்டவர் இருக்கிறார். வலையில் விழுந்தது 153 பெரிய மீன் என்று கணக்குச் சொல்லியிருக்கும், எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த எண் மறக்கவே மறக்காது. அது முடிந்தால் ரூத் நான்கு ராத்திரி, அப்புறம் மாற்கு 16 அதிகாரம், மே முடிந்துவிடும். நீதிமொழிகள் 31 அதிகாரம், மே மாதம் 31 நாள், தினம் ஒன்று என்று யாராவது சொல்வார்கள். பையன் தனியாக வாசித்தால் நல்லது, சின்னவளுக்கு அது ஓடாது.

இப்போது உங்கள் அம்மா வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கே போனால் இருக்கிற ஒழுங்கும் கெட்டுவிடும் என்று பயப்படுவது போலிருக்கிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல், உன்னிடத்திலுள்ள விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடமும் உன் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெயர் சொல்லித்தான் எழுதுகிறார். உங்கள் வீட்டு லோவிசாள் நாசரேத் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள்.

அந்தப் போனையே வேலைக்கு வையுங்கள். ஆச்சி பேசுவதைப் பதிவு செய்யும் பொறுப்பைப் பையனிடம் கொடுங்கள். நம் குடும்பத்தில் முதன்முதலில் வேதத்துக்கு வந்தது (கிறிஸ்தவரானது) யார், மழை இல்லாத வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள், எந்த ஜெபம் கேட்கப்படவே இல்லை என்று கேட்கட்டும். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம், 14 வயசுக்காரன் உண்மையில் காதுகொடுப்பது அதற்குத்தான். அப்புறம் கீர்த்தனை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடார் பாட்டுதான் தெரியும், ஆச்சிக்கு வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு புத்தகம் இல்லாமலே வரும். சாஸ்திரியாரும் அந்தப் பக்கத்துக்காரர்தான், 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவயதில் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியோடு தஞ்சாவூருக்குப் போனவர். கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும், வாரம் ஒரு பாட்டு ஆச்சியிடம் கற்றுக்கொண்டால் நான்கு பாட்டோடு சென்னைக்குத் திரும்பலாம்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு காலையில் வண்டி பிடித்துச் சுற்றிவிட்டும் வாருங்கள். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கட்டும். முதலூருக்குப் போங்கள், பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்குச் சொந்த ஊரில் இருக்க முடியாத தொந்தரவு வந்தபோது, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் 1799இல் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றிய முதல் ஊர் அது. இப்போது அந்த ஊரின் தேங்காய்ப்பால் மஸ்கோத் அல்வாவுக்குத்தான் பெயர் அதிகம், அதையும் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. இன்னொரு நாள் இடையன்குடி. பையன் தமிழ்ப் பாடத்தில் கேள்விப்பட்டிருக்கக்கூடிய கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார், 1880இல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார், அவர் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. போகிற இடத்தில் பிரசங்கம் வேண்டாம், அவனாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். உபாகமம் 6இல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்றுதான் இருக்கிறது.

பையன் விஷயம். ஜெபத்தில் உட்காருவது கட்டாயம், வாயைத் திறப்பது கட்டாயம் இல்லை. இவ்வளவுதான் நான் வைக்கச் சொல்லும் சட்டம். "நீ ஜெபம் பண்ணு" என்று திடீரென்று எல்லோர் முன்னாலும் மாட்டிவிடாதீர்கள். "போன் வேணும்னா பத்து வசனம் ஒப்பி" என்பதும் வேண்டாம், அப்படிச் செய்தால் வசனம் அபராதம் ஆகிவிடும், நானே ஒரு காலத்தில் மிட்டாய் கொடுத்து வசனம் வாங்கியவள், மிட்டாய் தீர்ந்ததும் வசனமும் தீர்ந்துபோனது.

வி.பி.எஸ்.ஸில் அவன் சொன்னது ஒருவகையில் சரிதான், ஆக்‌ஷன் பாட்டுக்குக் கையாட்டுகிற வயசு அவனுக்குத் தாண்டிவிட்டது. 1898இல் நியூயார்க்கில் ஒரு அம்மா, வெயில் காலத்தில் தெருவில் சுற்றிய பிள்ளைகளை ஒரு பீர்க்கடையை வாடகைக்கு எடுத்து உட்காரவைத்துப் பாடம் சொன்னது இதன் தொடக்கங்களில் ஒன்று. தெருப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததில் பெரிய பையனுக்கு வேலையா இல்லை? ஊர் ஆலயத்தில் வி.பி.எஸ். வேறு தேதியில் நடக்கலாம், முன்கூட்டியே ஐயரிடமோ (சபைப் போதகர்) ஐயரம்மாவிடமோ கேட்டு மைக், பொம்மலாட்டம், சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என்று ஏதாவது பொறுப்பை வாங்கிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை "நாம விருந்தாளிதானே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆலயத்தில் முதல் மணி அடித்ததும் எழுப்புங்கள், இரண்டாம் மணிக்குள் கிளம்பிவிடலாம், தனியாக அலாரம் தேவையில்லை. ராத்திரி போனுக்கு ஒரு கூடை வையுங்கள், பத்து மணிக்கு எல்லாப் போனும் அதில். உங்கள் போன்தான் முதலில் விழ வேண்டும், இல்லாவிட்டால் கூடையை எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். தனியாக இருக்கிறார் என்பதற்காக அவரை விட்டுவிட வேண்டாம், வாசிப்பது அவர் வேலையாக இருக்கட்டும். நீங்கள் சாப்பிட்டு முடித்ததும் வீடியோ காலில் வந்து அன்றைய பகுதியை வாசிக்கட்டும். நைட் ஷிப்ட் என்றால் பகலிலேயே வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடலாம், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதைப் போட்டுவிடும் பொறுப்பு சின்னவளுக்கு.